தேயிலை மலையில் படம் எடுப்பவர்களுக்கு: போலரைசர் பில்டர் வாங்குவது எப்படி

போலரைசர் என்பது இலை, பாறை, தண்ணீர் மேல் தெறிக்கும் பளபளப்பைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் பூட்டித் திருப்புகிற கண்ணாடி. இதை வாங்கப் புறப்பட்டபோது எனக்கு விளக்கிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஹட்டனில் கேட்டால் கண்டிக்குப் போகச் சொன்னார்கள். கண்டியில் என் லென்ஸுக்கான அளவு இல்லை. கொழும்பில் ஒரு கடையில் “இதுதான் போலரைசர்” என்று நீட்டியது வெறும் என்டி பில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்க மட்டும் பயன்படுகிற சாம்பல் கண்ணாடி. பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அங்கே என் காசைக் காப்பாற்றியது கடை மேசையில் கிடந்த கல்குலேட்டர். எப்படி என்று 5ஆம் படியில் சொல்கிறேன். பஸ் காசும் ஒரு பகலும் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலரைசர் பற்றி எங்கே வாசித்தாலும் நீல வானத்தை ஆழமாக்க அதை வாங்கச் சொல்வார்கள். நம் மலையில் பாதி நாள் வானமே தெரியாது. இங்கே இந்தப் பில்டருக்கு உண்மையான வேலை இலையிலும் ஈரப் பாறையிலும்தான். எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்பதையெல்லாம் அதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

1. காசு போடுமுன் சும்மா சோதித்துப் பாருங்கள்

வீட்டில் யாரிடமாவது போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற அண்ணன்மாரிடம் கேட்டுப் பாருங்கள். அதன் ஒரு கண்ணாடியைப் போன் கெமராவுக்கு முன்னால் பிடித்து, தேயிலைச் செடி ஒன்றுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகத் திருப்புங்கள்.

மழை விட்ட பிறகு பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேயிலையின் முற்றின இலை மெழுகு பூசியதுபோல வழுவழுப்பானது. வானத்து வெளிச்சம் அதன் மேல் விழுந்து வெள்ளையாகத் தெறிக்கும். அதனால்தான் கண்ணுக்குப் பச்சைப் பசேலென்று தெரிகிற மலை படத்தில் சாம்பல் பூத்ததுபோல வருகிறது. கண்ணாடியைத் திருப்பத் திருப்ப அந்த வெள்ளை இலையை விட்டு வழுகிப் போகும். நரம்பும் ஓரத்துப் பல்லும் தெரிய ஆரம்பிக்கும். கொழுந்தின் இளமஞ்சள் பச்சை வேறாகவும் முற்றின இலையின் கரும்பச்சை வேறாகவும் பிரியும். படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை எவ்வளவு கூட்டினாலும் இது வராது. இலையின் நிறத்தை மறைத்த வெளிச்சம் ஏற்கெனவே படத்துக்குள் போய்விட்டதே.

வேலை செய்யாத இடங்களையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, தகரக் கூரை பெயின்ட் இல்லாத வெறும் தகரமாக இருந்தால் அதன் பளபளப்புக் குறையாது. உலோகத்தில் தெறிக்கும் வெளிச்சத்தைப் போலரைசரால் வெட்ட முடியாது. மூடுபனிக்குள்ளும் ஒரு பில்டரும் வழி திறந்து தராது. தூரத்து மலை மேல் படிகிற மெல்லிய நீலப் புகைமூட்டம் மட்டும் ஓரளவு குறையும். கோயில் மண்டபத்துக்குள், இரவுத் தேரில், வீட்டுக்குள் எடுக்கிற கல்யாணத்தில் இதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். உங்கள் படங்களில் பெரும்பகுதி இந்த வகை என்றால் அந்தக் காசில் ஒரு பிளாஷ் வாங்குவது நல்லது.

2. வகை: சர்குலர்தான்

போலரைசரில் லீனியர், சர்குலர் என இரண்டு வகை உண்டு. இரண்டுமே வட்டமாகத்தான் இருக்கும், இந்தப் பெயருக்கும் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை. சர்குலரில் போலரைசர் படலத்துக்குப் பின்னால் இன்னொரு படலம் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கெமராவின் உள்ளே இருக்கும் கண்ணாடி, லீனியர் வழியாக வரும் வெளிச்சத்தைச் சரியாகப் பிரிக்காது. போகஸும் வெளிச்சத்தை அளக்கும் மீற்றரும் தடுமாறும். அந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் இந்த இரண்டாவது படலம். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமராவுக்குப் பெரும்பாலும் லீனியரும் ஒத்துப்போகும். ஆனாலும் நாளைக்கு நண்பரின் டிஎஸ்எல்ஆரில் போட நேரலாம், விற்கவும் நேரலாம். சர்குலரையே கேளுங்கள். வளையத்தில் சி-பிஎல், சிபிஎல், பிஎல்-சிஐஆர் என்று ஏதாவது ஒரு விதத்தில் பொறித்திருப்பார்கள்.

3. அளவு: இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

லென்ஸின் போகல் தூரத்தைச் சொல்லிப் பில்டர் கேட்காதீர்கள். “18-55க்கு ஒரு பில்டர்” என்றால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத்தான் தருவார். லென்ஸின் முன் விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ வட்டத்தின் நடுவே சாய்கோடு போட்ட குறியும் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் பில்டர் அளவு, மில்லிமீட்டரில்.

அதே 18-55 என்ற பெயரில் கெனன் இஎஃப்-எஸ் லென்ஸ் 58. நிக்கோன் ஏஎஃப்-பி 55. நிக்கோனின் பழைய ஏஎஃப்-எஸ் 52. சோனியின் சின்ன 16-50 வெறும் 40.5. கெனன் 18-135க்கும் நிக்கோன் 18-140க்கும் 67. கல்யாணப் படம் எடுக்கிறவர்களின் 24-105 எல், 70-200 எஃப் 2.8 போன்ற பெரிய லென்ஸ்கள் பலவற்றுக்கு 77. கடைக்குப் போகும்போது எண்ணை மனப்பாடம் செய்யாமல் லென்ஸ் விளிம்பைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பில்டர் வாங்க வேண்டாம். இருக்கிற லென்ஸ்களில் பெரிய அளவுக்கு, அல்லது ஒரு வருடத்துக்குள் வாங்க நினைத்திருக்கிற லென்ஸின் அளவுக்கு, நல்லதாக ஒன்று வாங்குங்கள். சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போதும். அது கண்ணாடி இல்லாத வெறும் உலோக வளையம். விலையும் பில்டரின் சிறு பங்குதான். 58-77 என்றால் 58 லென்ஸில் 77 பில்டர் பூட்டலாம். வாங்கும்போது எண்களின் வரிசையைப் பாருங்கள். 77-58 என்று எழுதியிருந்தால் அது ஸ்டெப்-டவுன், பெரிய லென்ஸில் சின்னப் பில்டர் போடுவதற்கானது. படத்தின் மூலைகளைக் கறுப்பாக்கிவிடும்.

ரிங் போட்டால் இரண்டு விஷயம் மாறும். லென்ஸின் ஹூட் பூட்டாது. பழைய மூடியும் பொருந்தாது, அதனால் பில்டர் அளவிலேயே ஒரு மூடி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கும் தூறலுக்கும் நடுவே மூடி இல்லாமல் கெமராவைத் தூக்கிக்கொண்டு திரிவது நம் ஊரில் நடக்காத காரியம்.

அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஸ்லிம் வளையம் உள்ளதைக் கேளுங்கள். தடித்த வளையம் மூலையில் தெரியும். யூவி பில்டரின் மேல் போலரைசரைப் பூட்டினாலும் இதே தொல்லைதான், யூவியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். கெமராவோடு சேர்ந்து வருகிற பழைய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் போகஸ் பண்ணும்போது முன்பக்கமே சுழலும். கெனனின் எஸ்டிஎம்முக்கு முந்தைய 18-55 அப்படித்தான். அதில் முதலில் போகஸ், அப்புறம்தான் பில்டரைத் திருப்புவது.

4. செலவு: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

ரூபாய் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் டொலரிலேயே சொல்கிறேன். 58 அளவில் ஆரம்ப நிலைப் பில்டர் பொதுவாக 20 முதல் 40 டொலர். 77 அளவில் நல்ல தரமானது 80 முதல் 150 வரை போகும். ஹோயா, கென்கோ, மாருமி ஜப்பானியப் பெயர்கள். பி+டபிள்யூ ஜெர்மனி. நிசி, கே அண்ட் எஃப் சீனா. எல்லா நிறுவனத்திலும் மலிவு வரிசை, உயர் வரிசை இரண்டும் உண்டு. அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல் மொடலைப் பாருங்கள்.

நம் மலைக்கு மூன்று விஷயங்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். முதலாவது, மல்டி-கோட்டிங், அதாவது கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காமல் இருக்கப் பல அடுக்காகப் போடும் பூச்சு. இல்லாவிட்டால் வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறிப்போகும். இரண்டாவது, தண்ணீர் ஒட்டாத மேற்பூச்சு. கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தெரியலாம். அருவிச் சாரலிலும் மூடுபனியிலும் நின்று எடுக்கிற நமக்கு இது அவசியம். துளி உருண்டு விழும், துடைத்தாலும் திட்டுத் திட்டாகப் படியாது. மூன்றாவது, வெளிச்ச இழப்புக் குறைவான படலம். சாதாரணப் போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நல்லது ஒரு ஸ்டாப்பை ஒட்டி நிற்கும். ஏற்கெனவே இருட்டிக் கிடக்கிற மழை நாளில் அந்த ஒரு ஸ்டாப் பெரிய விஷயம்.

காசு குறைவு என்றால் தண்ணீர் ஒட்டாத பூச்சை விடுங்கள், துடைக்க ஒரு துணி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மல்டி-கோட்டிங்கை மட்டும் விடாதீர்கள்.

5. கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

கல்குலேட்டர்: பில்டரின் முன்பக்கம் கல்குலேட்டர் திரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். முன்பக்கம் என்றால் மரை இல்லாத, வெளிப்பக்கம். மரைப் பக்கத்திலிருந்து நீங்கள் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் திரை கறுத்து எண்கள் மறைந்துவிட வேண்டும். இன்னும் கால் சுற்றுத் திருப்பினால் மறுபடி தெளிய வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒரே அளவில் மங்கலாகவே இருந்தால் உங்கள் கையில் இருப்பது என்டி பில்டர். போன் திரையிலும் இதைச் செய்யலாம், ஆனால் சில போன்களில் சரியாகத் தெரியாது. கல்குலேட்டர் ஏமாற்றாது. பில்டரைத் தலைகீழாகப் பிடித்தால் நல்ல சர்குலர்கூட கறுக்காது, அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி: பில்டரின் மரைப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி ஒரு கண்ணுக்கு முன்னால் பிடியுங்கள். பில்டர் வழியாகப் பார்க்கும்போது கண்ணாடியில் தெரியும் பில்டரின் உருவம் கறுப்பாக இருந்தால் அது சர்குலர். உங்கள் கண் தெளிவாகத் தெரிந்தால் லீனியர்.

வெள்ளைத் தாள்: கெமராவில் நிறத்தைச் சமன் செய்யும் வைட் பேலன்ஸை வெயில் குறிக்கு மாற்றி, ஒரு தாளைப் பில்டர் இல்லாமல் ஒரு படமும் பில்டரோடு ஒரு படமும் எடுங்கள். லேசான மாற்றம் பரவாயில்லை. தாள் மஞ்சளாகவோ ஊதாவாகவோ சாய்ந்தால் வேண்டாம். பாவித்த பில்டர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பழசான போலரைசர் நிறம் மாறும், ஓரத்தில் படலம் விட்டு வானவில் நிறத்தில் கறை படரும். அதைச் சரிசெய்யவே முடியாது.

வளையம்: லென்ஸில் பூட்டித் திருப்பிப் பாருங்கள். தொட்டவுடன் ஓடவும் கூடாது, திருகும்போது பில்டர் மரையிலிருந்தே கழன்று வரவும் கூடாது.

பில்லில் மொடல் பெயரும் அளவும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே “பில்டர் 1” என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு மாற்றிக் கேட்க முடியாது. எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகும் தகராறு செய்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

6. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால்

77, 82 அளவுகளில் உயர்ந்த வரிசை தேடினால் பெரும்பாலும் இந்த வழிதான். இணையத்தில் போட்டிருக்கும் விலை உங்கள் கைக்கு வரும் விலை அல்ல. வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் பார்ப்பதில்லை, அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியே 18 சதவீதம். அதற்கு மேல் மற்ற இறக்குமதி அறவீடுகளும் வரலாம். கொரியர் நிறுவனம் தன் கையாளும் கூலியையும் தனியாக எடுக்கும். ஓர்டர் போடுமுன் கொரியரைக் கூப்பிட்டுக் கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சின்னப் பொருளுக்குச் சில நேரம் அந்தக் கூலிதான் அதிகமாகத் தெரியும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: விற்றவரின் இன்வொய்ஸ், காசு கட்டியதற்கான வங்கிப் பதிவு, தேசிய அடையாள அட்டைப் பிரதி. இன்வொய்ஸில் பொருளின் பெயர் கெமரா லென்ஸ் பில்டர் என்று தெளிவாக இருக்கட்டும். சுங்க வகைப்படுத்தலில் லென்ஸ் பில்டர்களுக்கு 9002.20 என்ற தனித் தலைப்பு உண்டு. விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பொருள் தொலைந்தால் அந்தக் குறைத்த விலைதான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

முகவரி விஷயத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. லயத்து முகவரிக்கு வருகிற பார்சல் தோட்ட அலுவலகத்தில் போய்க் கிடப்பதும் திரும்பிப் போவதும் நமக்குப் பழகிப்போன சங்கடம். டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியையும், எந்த நேரமும் எடுக்கக்கூடிய போன் இலக்கத்தையும் கொடுங்கள்.

கட்டாரிலோ டுபாயிலோ இருந்து மாமா, சித்தப்பா யாராவது லீவுக்கு வந்தால் அவர் பையில் வருவதுதான் ஆகச் சுலபம். அவரிடம் “நல்ல பில்டர்” என்று சொல்லிவிடாதீர்கள். மொடல், அளவு, படம் மூன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பில்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏப்ரல் நுவரெலியா சீசனுக்கு வேண்டும் என்றால் ஜனவரியிலேயே ஓர்டர் போட்டுவிடுங்கள். மேற்கு மலையில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம், வானம் தெளிவாக இருப்பதும் ஜனவரிக்குப் பிறகுதான். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். ஊவாப் பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்கள் அதற்கேற்பக் கணக்குப் போடலாம்.

7. பூட்டிய பிறகு: சூரியன் எந்தப் பக்கம்?

இலைக்கும் பாறைக்கும் வ்யூபைண்டரில் பார்த்துத் திருப்பினால் போதும். வானத்துக்கும் தூரத்து மலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பில்டர் முழுப் பலம் காட்டுவது சூரியனுக்கு 90 பாகையில். ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டை விரலை நேர் குத்தாக விரியுங்கள். மணிக்கட்டைச் சுழற்றும்போது கட்டை விரல் காட்டும் திசைகளில்தான் வானம் ஆழமாகும்.

இதை நம் இடங்களில் வைத்துப் பாருங்கள். ஹப்புத்தளைக்குப் பக்கத்து லிப்டன் சீட் உச்சியில் விடியும்போது எல்லோரும் கிழக்கே பார்த்துக் கெமராவைத் தூக்குவார்கள். அந்தத் திசையில் போலரைசரால் பயனே இல்லை. கொஞ்சம் வெயில் ஏறியதும் தெற்கே திரும்புங்கள். சூரியன் இடது கைப்பக்கம் இருக்கும், கீழே சமவெளியின் புகைமூட்டம் பில்டரைத் திருப்பத் திருப்ப விலகும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்று சொல்கிற செங்குத்து மலை விளிம்பும் தெற்கைத்தான் பார்க்கிறது. மூடுபனி மேலேறி வருமுன், காலை வெயிலில், போலரைசருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் மலைநாட்டில் குறைவு. நண்பகலில் நிலைமை வேறு. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் உச்சிக்கு நேரே வருவதால் எந்தத் திசையில் அடிவானத்தைப் பார்த்தாலும் 90 பாகைதான்.

எப்போதும் முழுப் பலத்துக்குத் திருப்பாதீர்கள். நுவரெலியா உயரத்தில் வானம் இயல்பிலேயே கடும் நீலம், முழுதாகத் திருப்பினால் கறுத்துவிடும். 24 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலக் கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் இருண்டு பட்டையாகத் தெரியும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் பனோரமாவுக்கும் இதே காரணத்தால் பில்டர் வேண்டாம்.

தண்ணீரைக் கவனமாகக் கையாளுங்கள். கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மலையின் நிழல் தண்ணீரில் விழுவதுதான் படமே என்றால், முழுதாகத் திருப்பினால் அந்த நிழல் போய்விடும். பாதியில் நிறுத்துங்கள். அருவியில் மாறாக, ஈரப் பாறையின் பளபளப்பை முழுதாக வெட்டினால்தான் பாறை கறுத்துத் தண்ணீர் வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். அதோடு 1/15 இல் இருந்த ஷட்டர் 1/4 வரை இறங்கி, தண்ணீர் நூலாக ஓடுகிற படமும் கிடைக்கும். இதற்கு டிரைபொட் வேண்டும். சாரலில் வானவில் தெரிந்தால் மெதுவாகத் திருப்புங்கள். வானவில்லின் வெளிச்சமே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே திசையில் அதிர்வது. ஒரு நிலையில் துலங்கும், கால் சுற்றில் காணாமலே போய்விடும்.

கையில் பிடித்து எடுப்பவர்கள் ஷட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 1/250 இல் எடுத்த காட்சி 1/60க்கு இறங்கலாம். கொழுந்து கிள்ளுகிற கை அந்த வேகத்தில் நிற்காது, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். அங்கே பெண்களின் முகத்தைப் பக்கத்தில் எடுக்கும்போது பில்டரைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். வியர்வையின் மினுக்கம் முழுதாகப் போனால் முகம் உயிரில்லாமல் தெரியும்.

கார், வான் கண்ணாடிக்கு ஊடாக எடுப்பவர்கள் பில்டரைக் கழற்றிவிடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளும் பட்டைகளும் படத்தில் வரும்.

8. ஈரம், பூஞ்சணம், இறுகிப்போன வளையம்

படம் எடுத்து முடிந்ததும் பில்டரைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் லென்ஸிலேயே விட்டால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கும். மலையில் பூஞ்சணம் பிடிக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். பில்டரை அடுப்படிக்குப் பக்கத்திலோ வெயிலிலோ உலர்த்தாதீர்கள், குழாய்த் தண்ணீரில் முக்கவும் வேண்டாம். அது படலங்களை ஒட்டிச் செய்த பொருள், சூடும் தண்ணீரும் ஓரத்தால் உள்ளே போனால் ஒட்டு விட்டுவிடும். முதலில் ஊதுபந்தால் தூசியைத் தட்டிவிட்டு, மைக்ரோபைபர் துணியால் துடைத்தால் போதும்.

லென்ஸில் இறுகிக் கழற்ற வராவிட்டால் பலமாகப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் வளையம் நெளிந்து மரை இன்னும் கவ்விக்கொள்ளும். வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பட்டியைப் போட்டு, விரல் நுனிகளை வட்டம் முழுக்கப் பரவலாக வைத்து மெல்லத் திருகுங்கள். லென்ஸ் பக்கத்து வளையத்தைத்தான் திருக வேண்டும். முன்பக்கத்து வளையம் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும்.